நீலப்பச்சைக் கரைசலை என்ன செய்வது?

கேள்வி: பழைய கம்ப்யூட்டர் போர்டுகளை நைட்ரிக் அமிலத்தில் போட்டுத் தங்கம் பிரித்தேன். மிச்சமுள்ள நீலப்பச்சைக் கரைசலில் சோடா உப்பைக் கலந்து சாக்கடையில் ஊற்றிவிடலாமா?

பதில்: கூடாது. சோடா உப்பு அமிலத்தைத்தான் முறிக்கும். கரைந்திருக்கும் உலோகங்களை மறையச் செய்யாது. அந்த நிறமே செம்பினுடையது. மிகக் குறைந்த அளவிலும் அது மீன்களுக்கு நஞ்சு. கூடவே ஈயமும் இருக்கும்.

கரைசலைத் தடித்த கண்ணாடிப் பாட்டிலில் முக்கால் அளவு ஊற்றி, பெயரெழுதி, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். மூடியை இறுக்காதீர்கள், வாயு சேர்ந்தால் வெடிக்கும். பிளீச்சிங் பவுடர் பக்கத்திலேயே வேண்டாம், குளோரின் கிளம்பும். பிறகு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தில் கேட்டு, அபாயக் கழிவு கையாள உரிமம் பெற்றவரிடம் ஒப்படையுங்கள்.

இனி இப்படித் தங்கம் பிரிக்காதீர்கள். அமிலத்திலிருந்து எழும் பழுப்புப் புகை, சில மணி நேரம் கழித்துக்கூட நுரையீரலில் நீர்கோக்கச் செய்யும். 2022 மின்னணுக் கழிவு விதிகளின்படி, பதிவு பெற்ற மறுசுழற்சியாளர்களே இத்தொழிலைச் செய்யலாம். போர்டுகளை அவர்களிடமே கொடுத்துவிடுங்கள்.