தெருவைவிடத் தாழ்ந்த வாசல்

கேள்வி: ஸ்ரீரங்கத்தில் வீடு கட்டுகிறோம். மொட்டை மாடி 1,000 சதுர அடி. தெரு எங்கள் வாசலைவிட அரை அடி உயரம். மழைத் தண்ணீரை என்ன செய்வது?

பதில்: முதலில் கணக்கு. ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர் தண்ணீர். உங்கள் மாடி ஏறக்குறைய 93 சதுர மீட்டர். ஐப்பசியில் ஒரே இரவில் 50 மில்லிமீட்டர் கொட்டினால் 4,600 லிட்டருக்கு மேல் இறங்கும். ஒரு குழாயை நம்பாதீர்கள். எதிரெதிர் மூலைகளில் 4 அங்குலக் குழாய் இரண்டு வையுங்கள். வாட்டம் 10 அடிக்கு ஓர் அங்குலமாவது இருக்கட்டும்.

மாடித் தண்ணீர், முதல் மழையை வெளியே விட்டபிறகு, உறிஞ்சுகுழிக்குப் போகட்டும். மழைநீர்ச் சேகரிப்பு 2003 முதலே நம் மாநிலத்தில் கட்டாயம். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவிலுள்ள ஊர் உங்களுடையது. மணற்பாங்கான மண் நன்றாக உறிஞ்சும். ஆனால் இரண்டு ஆறும் நிரம்பி ஓடும்போது நிலத்தடி நீர் மேலேறிவிடும், குழி குடிக்காது. அதனால் குழிக்கு ஒரு வழிந்தோடி அவசியம். அஸ்திவாரத்திலிருந்து 10 அடியாவது தள்ளித் தோண்டுங்கள்.

கார் நிற்கும் தளத்துத் தண்ணீரில் எண்ணெய் கலந்திருக்கும். அதைக் குழியில் விடவே கூடாது. கேட்டுக்கு உட்புறம் குறுக்காக, கம்பி மூடி போட்ட வாய்க்கால் வெட்டி, தெரு மழைநீர் வடிகாலுக்குத் திருப்புங்கள். பாதாளச் சாக்கடையில் இணைக்கச் சொல்லும் கொத்தனார் பேச்சைக் கேட்காதீர்கள். மழையில் அது உங்கள் குளியலறைக்கே திரும்பி வரும்.

இன்னும் தரை போடவில்லையென்றால், தரைமட்டத்தைத் தெருவைவிட ஒன்றரை அடி உயர்த்திவிடுங்கள். அடுத்த முறை ரோடு போடும்போது தெரு இன்னும் ஏறும்.