விதையைத் தபாலில் எடுக்கும்போது



2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. 2025 நவம்பர் இறுதியில் 'டித்வா' புயல் கொண்டுவந்த மழையிலும் ஊவாவில் பல குடும்பங்கள் வீடுவாசலை விட்டு வெளியேற நேர்ந்தது. இப்படி இடம்பெயர்ந்தவர்கள் வீட்டையும் ஆடுமாட்டையும் மட்டும் இழப்பதில்லை. அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கிய விதை முடிச்சும் போய்விடுகிறது. பாட்டி காலத்துப் போஞ்சி, பாகல், பூசணி விதைகள் அதில் இருந்திருக்கும். புது இடத்தில் தோட்டம் போட நினைப்பவர் அந்த விதையைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். பட்டணத்துக்குப் போய்வர பஸ் காசும் ஒரு நாள் பேரும் போவதால், பலர் தொலைபேசியில் ஓடர் கொடுத்துத் தபாலில் எடுக்கிறார்கள். யாரிடம் எடுப்பது, எப்படி எடுப்பது என்பதே இந்தப் பாடம்.

எங்களுக்கு நேர்ந்தது

சில ஆண்டுகளுக்கு முன் பன்னிரண்டு குடும்பங்கள் ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு விதைக்கு ஓடர் கொடுத்தோம். விலை குறைந்த இடத்தைத் தெரிவு செய்தவன் நான். வந்த பொட்டலங்களில் இனத்தின் பெயரும் இல்லை, ஆண்டும் இல்லை. மழை தொடங்கிவிட்ட அவசரத்தில் சோதித்துப் பார்க்காமல் விதைத்தோம். போஞ்சியில் நாலுக்கு ஒன்றுதான் முளைத்தது. வேறு விதை எடுத்துப் போடுவதற்குள் மழைக்காலம் பாதி கழிந்துவிட்டது. விதைக்காசை எப்படியாவது தேடிக்கொள்ளலாம். போன மழையை எங்கே தேடுவது? அன்று கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

1. முதலில் உங்கள் நிலத்தைப் பாருங்கள்

புதுக் குடியிருப்புகளில் பலருக்குக் கிடைப்பது 7 பேர்ச் காணி. அது ஏறக்குறைய 177 சதுர மீற்றர். வீடும் வாசலும் போக, பயிருக்கு நாலு பேர்ச் மிஞ்சினால் நல்லது. ஒரு பேர்ச்சுக்குச் செடிப்போஞ்சி விதை 200 கிராம் போதும். தக்காளி விதை ஒரு கிராமில் 300 வரை இருக்கும். நாலு வீட்டுக்கு ஒரு சிறு பக்கற் காணும்.

உயரத்தையும் பாருங்கள். பதுளைப் பட்டணம் 700 மீற்றருக்குச் சற்றுக் கீழே இருக்கிறது. பண்டாரவளை 1,200 மீற்றருக்கு மேலே, ஹப்புத்தளை 1,400 மீற்றருக்கு மேலே. ஹப்புத்தளையில் நன்றாக வரும் கோவாவும் லீக்சும் பதுளை வெயிலில் அதே மாதிரி வராது. ஆகவே, "எங்கள் உயரத்துக்கு எந்த இனம் ஏற்றது?" என்று விற்பவரிடம் கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாதவரிடம் வாங்க வேண்டாம்.

2. யாரிடம் எடுப்பது?

முதலில் உங்கள் பகுதிக் கமநல சேவைகள் நிலையத்துக்குப் போய் விவசாயப் போதனாசிரியரைக் கேளுங்கள். விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்கும் அழைத்துக் கேட்கலாம். பண்டாரவளையில் திணைக்களத்தின் பிராந்திய ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. பண்டாரவளை கிரீன் என்ற கொடிப்போஞ்சி இந்த மலைநாட்டுப் பெயரையே தாங்கிய இனம்.

தனியார் கம்பனியிடம் எடுப்பதானால் இந்த ஐந்தையும் கேட்டுப் பாருங்கள்:

(அ) விவசாயத் திணைக்களத்தில் பதிவு செய்தவரா? 2003ஆம் ஆண்டின் 22ஆம் இலக்க விதைச் சட்டத்தின்படி விதை வியாபாரம் செய்பவர் பதிவு செய்திருக்க வேண்டும்.
(ஆ) பக்கற்றில் இனத்தின் பெயர், தொகுதி இலக்கம், முளைதிறன், காலாவதித் திகதி அச்சிடப்பட்டுள்ளனவா?
(இ) சிறிய அளவில் தருவாரா?
(ஈ) பற்றுச்சீட்டு அனுப்புவாரா?
(உ) முளைக்காவிட்டால் என்ன செய்வார்?

தமிழகத்தில் உள்ள உறவினரிடம், "கடிதத்துக்குள் கொஞ்சம் விதை வைத்து அனுப்புங்கள்" என்று கேட்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. பாசத்தால் கேட்பதுதான். ஆனால் வெளிநாட்டு விதையை அனுமதிப்பத்திரம் இல்லாமல் தருவிப்பது 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கப் பயிர்ப் பாதுகாப்புச் சட்டத்துக்கு விரோதமானது. விதையோடு ஒட்டிவரும் நோய் உங்கள் பாத்தியோடு நிற்காது. பக்கத்துக் காணிக்கும் போகும்.

3. எந்த விதையை மறுபடி எடுக்கலாம்?

கடைக்காரரைத் தெரிவு செய்வதிலும் முக்கியமானது இது. பக்கற்றில் 'எவ் 1' என்றோ 'கலப்பினம்' என்றோ இருந்தால், அதன் காயிலிருந்து எடுக்கும் விதை தாயைப் போல வராது. ஒவ்வொரு போகத்துக்கும் காசு அனுப்ப வேண்டும். கலப்பினம் நல்ல விளைச்சல் தரும், அதை மறுக்கவில்லை. ஆனால் கையில் காசில்லாத குடும்பம் தோட்டம் முழுவதையும் அதில் வைக்கக் கூடாது.

போஞ்சி, கௌபி, தக்காளி ஆகியவை பெரும்பாலும் தம் பூவிலேயே மகரந்தம் சேர்ப்பவை. கலப்பினமல்லாத இனமாக இருந்தால் விதை எடுப்பது எளிது. மிளகாய், கத்தரி ஆகியவற்றில் வண்டுகளும் தேனீக்களும் ஓரளவு கலப்பை உண்டாக்கும். ஒரு தோட்டத்தில் ஒரே இனத்தை வையுங்கள். கோவா, கரட், பீற்றூட், லீக்ஸ் நமது வீட்டுத் தோட்டத்தில் எளிதில் விதைக்கு வராதவை. அவற்றை மட்டும் வாங்கிக்கொள்ளலாம்.

4. ஓடர் கொடுப்பது

ஊவாவுக்குப் பெருமழை ஒக்டோபரில் தொடங்கும். ஆகவே ஓகஸ்ட் நடுப்பகுதிக்குள் ஓடர் போக வேண்டும். செப்டெம்பரில் தக்காளி, மிளகாய் நாற்றுமேடை போட்டால் ஒக்டோபர் மழைக்கு நடலாம்.

இனத்தின் பெயரை எழுதி, "இது இல்லாவிட்டால் என்னைக் கேளாமல் வேறு இனம் அனுப்ப வேண்டாம்" என்றும் எழுதுங்கள். முகவரியில் கவனம் தேவை. தோட்டக் கந்தோருக்குப் போகும் பொதி சில வேளை நாட்கணக்கில் அங்கேயே கிடக்கும். ஈரத்தில் விதை கெடும். தபாற்கந்தோரில் நேரே எடுக்கக் கேளுங்கள், அல்லது தெரிந்த கடையின் முகவரியைக் கொடுங்கள். முதல் தடவை சிறு ஓடரே போதும்.

5. பொதி வந்தவுடன்

இருபது விதையை எண்ணி ஈரத்துணியில் சுற்றி நிழலில் வையுங்கள். துணி காயக் கூடாது. போஞ்சியை எட்டு நாளிலும் தக்காளி, மிளகாயைப் பதினான்கு நாளிலும் எண்ணுங்கள். பதினாறுக்கு மேல் முளைத்தால் நல்ல விதை. பத்துமுதல் பதினைந்து என்றால் குழிக்கு ஒரு விதை கூட்டிப் போடுங்கள். பத்துக்கும் குறைந்தால் விதைக்க வேண்டாம். பக்கற்றையும் பற்றுச்சீட்டையும் வைத்துக்கொண்டு விற்றவருக்கு உடனே அறிவியுங்கள்.

சிவப்பாகவோ நீலமாகவோ சாயமிட்ட விதை மருந்து பூசியது. அதைச் சமைக்கக் கூடாது, கோழிக்கும் போடக் கூடாது. பிள்ளைகளுக்கு எட்டாமல் வைத்து, தொட்டபின் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள்.

6. அடுத்த ஆண்டுக்கு

நோயில்லாத நல்ல செடி நாலைந்தை முதலிலேயே அடையாளக் கயிறு கட்டிவிட்டு, அவற்றின் காயைப் பறிக்காமல் முற்ற விடுங்கள். விதையை நிழலில் நன்றாகக் காயவைத்து, இறுக மூடும் போத்தலில், அடியில் கொஞ்சம் உலர்ந்த சாம்பல் போட்டு, பெயரும் ஆண்டும் எழுதி வையுங்கள். போஞ்சி விதை மூன்று ஆண்டு வரை இருக்கும். லீக்ஸ், வெங்காய விதை ஓராண்டிலேயே வலுவிழக்கும்.

ஒரு போத்தலை உங்கள் வீட்டிலும், இன்னொன்றை வேறு சரிவில் இருக்கும் உறவினர் வீட்டிலும் வையுங்கள். மலை மறுபடி சரிந்தாலும் விதை முழுவதும் போகாது. இன்று கொடுக்கும் போஞ்சி ஓடர், போஞ்சிக்காக நீங்கள் கொடுக்கும் கடைசி ஓடராக இருக்கட்டும்.

குழுவாகப் பேசுங்கள்

1. இடம்பெயர்ந்தபோது நீங்கள் இழந்த விதைகள் எவை? யாரிடம் அவை இன்னும் இருக்கின்றன?
2. நாலு குடும்பம் சேர்ந்து ஓடர் கொடுத்தால் யார் எந்தப் பயிருக்கு விதை எடுப்பது?
3. உங்கள் குடியிருப்பின் விதைப் போத்தல்களை எந்த வீட்டில் வைக்கலாம்?