ஃபர்ம்வேர் அப்டேட்: வாங்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி

புதிதாக கம்ப்யூட்டர் வாங்கச் செல்பவர்கள் ப்ராசசர் எது, ராம் மெமரி எவ்வளவு, விலையில் எவ்வளவு குறையும் என்றெல்லாம் கேட்கிறார்கள். "இதற்கு ஃபர்ம்வேர் அப்டேட் எத்தனை ஆண்டுகள் கிடைக்கும்?" என்று கேட்பவரை நான் அநேகமாகப் பார்த்ததில்லை. ஆனால் நாம் வாங்கும் கம்ப்யூட்டர் எத்தனை ஆண்டுகள் நம்பிக்கையாக உழைக்கும் என்பதில் இந்தக் கேள்விக்குப் பெரிய பங்கு உண்டு. ஏன் என்று பார்க்கலாம்.

ஃபர்ம்வேர் என்பது என்ன?

ஒரு சாதனத்தின் உள்ளேயே பதியப்பட்டு, அதனை இயக்கும் சாப்ட்வேர் தான் ஃபர்ம்வேர். மதர்போர்டில் உள்ள பயாஸ் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பவர் பட்டனை அழுத்தியவுடன், விண்டோஸ் வருவதற்கு முன்பாகவே இது இயங்கி, கீ போர்டு, மெமரி, டிஸ்க் ஆகியவற்றைச் சோதிக்கிறது. (இப்போதைய கம்ப்யூட்டர்களில் இதன் இடத்தில் யு.இ.எஃப்.ஐ. உள்ளது. பழக்கத்தினால் பயாஸ் என்றே சொல்கிறோம்.) இதே போல ஹார்ட் டிஸ்க், எஸ்.எஸ்.டி. டிரைவ், பிரிண்டர், ரௌட்டர் ஒவ்வொன்றிலும் தனித்தனி ஃபர்ம்வேர் உண்டு.

விண்டோஸை அழித்து மீண்டும் பதிந்தாலும் ஃபர்ம்வேரில் உள்ள பிழை போகாது. அதனைத் திருத்தும் அப்டேட்டை, பொதுவாக அந்தச் சாதனத்தைத் தயாரித்த நிறுவனம்தான் தர முடியும். எனவே விற்பனைக்குப் பின் அந்த நிறுவனம் எப்படி நடந்துகொள்கிறது என்பது முக்கியமாகிறது. இதனை நன்றாகப் புரிந்துகொள்ள, சர்வர்கள் உலகில் நடந்த இரண்டு நிகழ்ச்சிகளைச் சொல்கிறேன். வங்கி, மருத்துவமனை, அலுவலகம் போன்ற இடங்களில் இரவு பகலாக இயங்கும் கம்ப்யூட்டர்களே சர்வர்கள்.

அப்டேட் வேண்டுமா? வாரண்டி எங்கே?

2014 பிப்ரவரியில் எச்.பி. நிறுவனம் தன் ப்ரோலயன்ட் சர்வர்களுக்கு ஒரு புதிய விதியைக் கொண்டு வந்தது. வாரண்டி அல்லது கட்டணம் செலுத்திப் பெற்ற சப்போர்ட் ஒப்பந்தம் உள்ளவர்களுக்கே பயாஸ் போன்ற ஃபர்ம்வேர் அப்டேட்கள் கிடைக்கும் என்றது. அதுவரை யார் வேண்டுமானாலும் அவற்றை இலவசமாக டவுன்லோட் செய்யலாம் என்று இருந்தது. வாரண்டி முடிந்த சர்வரை வைத்திருந்தவர்களும், பழைய சர்வர்களை வாங்கிப் பயன்படுத்துவோரும் எதிர்ப்புத் தெரிவித்தனர். பாதுகாப்பு தொடர்பான அப்டேட்களுக்குக் கட்டணம் இல்லை என்று நிறுவனம் பின்னர் விளக்கியது.

அப்டேட் தயாரிக்க நிறுவனத்திற்குச் செலவு ஆகிறது என்பது உண்மைதான். ஆனால் விற்கும்போதே இருந்த பிழையைத் திருத்துவது பொருளின் ஒரு பகுதியே என்பது என் கருத்து. அதற்குத் தனிக் கட்டணம் கேட்பது சரியல்ல.

32,768 மணி நேரம்

இரண்டாவது நிகழ்ச்சி 2019 நவம்பரில் நடந்தது. எச்.பி.யிலிருந்து 2015ல் பிரிந்து, சர்வர்களைத் தயாரித்து வரும் எச்.பி. என்டர்பிரைஸ் நிறுவனம் ஓர் எச்சரிக்கையை வெளியிட்டது. அதன் சில எஸ்.எஸ்.டி. டிரைவ்கள், மொத்தம் 32,768 மணி நேரம் இயங்கியவுடன் செயலிழந்துவிடும் என்பதே அது. இது 3 ஆண்டு, 270 நாள், 8 மணி நேரம். அதன் பின் டிரைவையும் மீட்க முடியாது. அதில் உள்ள தகவல்களையும் மீட்க முடியாது. காரணம் ஃபர்ம்வேர் பிழை.

சர்வர்களில் ஒரு டிரைவ் கெட்டாலும் தகவல் போகாதபடி பல டிரைவ்களைச் சேர்த்து அமைப்பார்கள். ஆனால் ஒரே நாளில் பொருத்தப்பட்ட டிரைவ்கள் ஏறக்குறைய ஒரே நேரத்தில் நின்றுபோனால், அந்த ஏற்பாட்டினால் பயன் இல்லை. நிறுவனம் தந்த அப்டேட்டை உரிய காலத்தில் பதிந்தவர்கள் தப்பித்தார்கள். 2020 மார்ச்சில், வேறு சில டிரைவ்கள் 40,000 மணி நேரத்தில் நின்றுவிடும் என்று மீண்டும் ஓர் எச்சரிக்கையும் அதற்கான அப்டேட்டும் வந்தன.

நீங்கள் செய்ய வேண்டியது

வீட்டுக் கம்ப்யூட்டருக்கும் இதே பாடம்தான். கீழே உள்ளவற்றைக் கவனியுங்கள்.

1. வாங்கும் முன், நிறுவனத்தின் இணைய தளத்தில் சப்போர்ட் பகுதிக்குச் செல்லுங்கள். இரண்டு, மூன்று ஆண்டுகளுக்கு முன் வந்த மாடல் ஒன்றைத் தேடி, அதற்குக் கடைசியாக எப்போது பயாஸ் அப்டேட் தரப்பட்டது என்று பாருங்கள். நிறுவனத்தின் குணம் தெரிந்துவிடும்.

2. உங்கள் பயாஸ் பதிப்பை அறிய, விண்டோஸ் கீயுடன் ஆர் கீயை அழுத்தி, கிடைக்கும் கட்டத்தில் எம்எஸ்இன்ஃபோ32 என ஆங்கிலத்தில் இடைவெளியின்றி டைப் செய்து என்டர் தட்டவும். பயாஸ் பதிப்பும் அதன் தேதியும் காட்டப்படும்.

3. அப்டேட்டை நிறுவனத்தின் தளத்திலிருந்து மட்டும் டவுன்லோட் செய்யவும். மாடல் எண் துல்லியமாகப் பொருந்த வேண்டும். சில நிறுவனங்களின் அப்டேட்கள் விண்டோஸ் அப்டேட் வழியாகவும் வரும்.

4. வந்த அன்றே பதிய அவசரம் வேண்டாம். 2018 ஜனவரியில் ஸ்பெக்டர் என்னும் பாதுகாப்புக் குறைக்காக இன்டெல் தந்த அப்டேட்டினால் சில கம்ப்யூட்டர்கள் தாமாகவே ரீஸ்டார்ட் ஆயின. அதைப் பதிவதை நிறுத்தும்படி இன்டெல்லே கூறியது. அப்டேட்டுடன் தரப்படும் குறிப்பைப் படித்து, அது எந்தப் பிழைக்கானது என்று பார்த்து முடிவு செய்யுங்கள். தகவல் இழப்பு, பாதுகாப்பு தொடர்பானது என்றால் தள்ளிப் போடாதீர்கள்.

5. பதியும்போது மின்சாரம் நிற்கக் கூடாது. டெஸ்க்டாப் என்றால் யு.பி.எஸ். அவசியம். லேப்டாப் என்றால் பேட்டரி நிறைந்திருக்க, சார்ஜரும் இணைந்திருக்கட்டும். பாதியில் நின்றால் கம்ப்யூட்டர் மீண்டும் இயங்காமலேயே போகலாம்.

6. பிட்லாக்கர் இயங்கும் கம்ப்யூட்டர் என்றால், 48 இலக்க ரெகவரி கீயை முதலில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பயாஸ் மாறிய பின் விண்டோஸ் அதைக் கேட்கலாம்.

இவை அனைத்திற்கும் முன்பாக, முக்கியமான பைல்களை வேறொரு டிஸ்க்கில் பேக்கப் எடுத்துவிடுங்கள். அப்டேட் பிழையைத் திருத்தும். போன பைலைத் திருப்பித் தராது.