மேலுரமும் மழையும்

கேள்வி: வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு உண்டாகியிருப்பதாக அறிவிக்கிறார்களே, நாகப்பட்டினப் பகுதியில் சம்பா வயலுக்கு இப்போது மேலுரம் இடலாமா?

பதில்: பொறுங்கள். தாழ்வு கரையை நெருங்க நெருங்க, கடலின் ஈரக்காற்று நிலத்தின்மீது திரண்டு பாயுமாதலால், இரண்டு மூன்று தினங்களுக்குக் கனத்த மழையை எதிர்பார்ப்பதே விவேகம்; அத்தகைய மழையில் தூவிய யூரியா, பயிரின் வேரைச் சேருமுன்பே கரைந்து, மடை வழியாக வடிகாலுக்குப் போய்விடும். வாரத்திற்கு அப்பாலுள்ள நிலையை நிச்சயமாகச் சொல்லுதல் அரிது. 1952 நவம்பர் 30-ல் நாகை அருகே கரை கடந்த புயல் தஞ்சை ஜில்லாவைச் சின்னாபின்னமாக்கியதை நினைத்தால், எந்த எச்சரிக்கையையும் அலட்சியம் செய்ய மனம் வருவதில்லை. வானிலை அறிவிப்பைத் தினந்தோறும் கேளுங்கள். மழைநீர் வயலில் தேங்காமல் வடிய, வடிகாலில் மண்டிய ஆகாயத்தாமரையை இன்றே அகற்றிவிடுங்கள்.