போட்டோவைச் சேமிக்க முடியவில்லையா? முதலில் உரிமையாளர் யாரென்று பாருங்கள்



உதவித்தொகை விண்ணப்பத்துக்குப் போட்டோவின் அளவைக் குறைக்கவும், மறைந்த பெரியவர்களின் பழைய படங்களில் கறை நீக்கவும் நம் பிள்ளைகள் பலர் உபுண்டு லினக்ஸில் கிம்ப் மென்பொருளைப் பயன்படுத்துகிறார்கள். இரண்டும் இலவசம். ஆனால் ஒரு மணி நேரம் உழைத்துவிட்டுச் சேமிக்கும்போது, அனுமதி இல்லை என்று செய்தி வந்தால் கை ஓடாது.

அந்த நேரத்தில் கிம்ப்பை மூடிவிடாதீர்கள். செய்த வேலை இன்னும் அதற்குள்தான் இருக்கிறது. உங்கள் 'பிக்சர்ஸ்' ஃபோல்டரில் வேறு பெயரில் சேமித்துவிடுங்கள். பிறகு நிதானமாகக் காரணத்தைத் தேடலாம். ('சேவ்' கொடுத்தால் எக்ஸ்சிஎஃப் கோப்பாகத்தான் சேமிக்கும். விண்ணப்பத்துக்கான ஜேபெக் படத்துக்கு 'எக்ஸ்போர்ட்' கொடுக்க வேண்டும்.)

லினக்ஸில் ஒவ்வொரு கோப்புக்கும் ஓர் உரிமையாளர், ஒரு குழு, மற்றவர்கள் என மூன்று தரப்பு உண்டு. படிக்க, எழுத, இயக்க என மூன்று அனுமதிகள் உண்டு. கோப்பின் மேல் வலது கிளிக் செய்து, 'ப்ராப்பர்ட்டீஸ்' போய், 'பெர்மிஷன்ஸ்' பகுதியைத் திறந்தால் எல்லாம் தெரியும். மூன்றைச் சரிபாருங்கள்.

1. உரிமையாளர் இடத்தில் 'ரூட்' என்று இருக்கிறதா? முன்பு யாரோ 'சூடோ' கொடுத்துக் கிம்ப்பைத் திறந்திருக்கலாம். அப்படிச் சேமித்தவை நிர்வாகிக்கே சொந்தமாகிவிடும். படம் திறக்கிறது என்றால், அதை உங்கள் ஃபோல்டருக்குள் நகல் எடுங்கள். நகல் உங்களுக்குச் சொந்தம்.

2. கோப்பு உங்களுடையது, ஆனால் 'படிக்க மட்டும்' என்றிருக்கிறதா? 'படிக்க, எழுத' என்று மாற்றினால் போதும். ஃபோல்டரையும் பாருங்கள். அதில் எழுத அனுமதி இல்லையென்றால் புதுக் கோப்பு உருவாகாது.

3. படம் வெளி ஹார்ட் டிஸ்க்கில் இருக்கிறதா? விண்டோஸை முழுமையாக நிறுத்தாமல் கழற்றிய டிஸ்க்கை லினக்ஸ் படிக்க மட்டுமே அனுமதிக்கலாம். மறுபடி விண்டோஸில் செருகி, முறையாக வெளியேற்றி எடுங்கள். கிம்ப் 'ஸ்னாப்' முறையில் நிறுவப்பட்டிருந்தால், வெளிச் சாதனங்களைப் பார்க்க அதற்குத் தனி அனுமதி தேவைப்படலாம். அதை 'செட்டிங்ஸில்' கொடுக்கலாம்.

தெரிந்தவர்கள் சிலர், "சிஎச்மோட் 777 போடு, சரியாகிவிடும்" என்பார்கள். ஒவ்வொரு 7-ம் படிக்க 4, எழுத 2, இயக்க 1 ஆகியவற்றின் கூட்டுத்தொகை. முதல் 7 உங்களுக்கு, அடுத்தது குழுவுக்கு, கடைசி 7 அந்தக் கணினியில் கணக்கு வைத்திருக்கும் மற்ற எல்லோருக்கும். வீட்டு வாசலைத் திறந்து போட்டுவிட்டு உறங்குவதற்குச் சமம் இது. பலர் புழங்கும் கணினியில் நம் வீட்டுப் பெண்களின் படங்களை மற்றவர்கள் பார்க்கவும் மாற்றவும் வாய்ப்பு உண்டு.

வீட்டுப் படங்களுக்கு 600 போதும்; ஃபோல்டருக்கு 700. அதாவது உரிமையாளருக்கு மட்டும்.

அடுத்தவர் வீட்டுக்குள் நுழையுமுன் ஸலாம் சொல்லி அனுமதி கேட்க வேண்டும் என்பது நம் மார்க்கம் கற்றுத் தந்த ஒழுக்கம். பிறர் நம்மிடம் தந்த படமும் ஓர் அமானிதமே. தேவைப்பட்டவருக்குத் தேவைப்பட்ட அளவு மட்டும் திறந்து கொடுப்போம். அல்லாஹ் நம் அமானிதங்களைப் பேணும் நல்வாய்ப்பைத் தருவானாக. ஆமீன்.