டேலி பார்க்கத் தெரிய வேண்டும்

அன்புள்ள பாப்பாவுக்கு,

வங்கியில் வீட்டுக்கடன் பிரிவில் உன்னை உட்கார வைத்திருக்கிறார்கள் என்று உன் அப்பா சொன்னான். ரொம்பச் சந்தோஷம். அங்கே செயற்கை நுண்ணறிவுக் கருவி ஒன்று கொடுத்திருப்பதாகவும், விண்ணப்பம், சம்பளச் சான்று, பத்திரம் எல்லாவற்றையும் அது படித்து அரைப் பக்கச் சுருக்கமாகத் தந்துவிடுவதாகவும் நீ எழுதியிருந்தாய். அதைப் பழக்க ஒரு மதியம் வகுப்பு நடந்ததாம். எந்த இடத்தில் எதை அழுத்த வேண்டும் என்பதோடு அது முடிந்துவிட்டதாம். "இனிமேல் நான் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது பெரியப்பா?" என்று கேட்டிருக்கிறாய். இந்தக் கேள்வி எனக்குப் பிடித்திருக்கிறது. அதனால்தான் போனில் சொல்லாமல் உட்கார்ந்து எழுதுகிறேன்.

எங்கள் காலத்திலும் வங்கிக்கு இயந்திரம் வந்தது. 1983-ல் வங்கி நிர்வாகங்களும் ஊழியர் சங்கங்களும் பேசி ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தன. சி. ரங்கராஜன் தலைமையில் ரிசர்வ் வங்கி அமைத்த குழு 1984-ல் அறிக்கை கொடுத்தது. அதன் பிறகு கிளைகளுக்கு லெட்ஜர் போஸ்டிங் மெஷின்கள் வரத் தொடங்கின. வேலை போய்விடும் என்ற பயம் எல்லோருக்கும் இருந்தது. அதில் நியாயமும் இருந்தது. 2000-01-ல் விருப்ப ஓய்வுத் திட்டத்தில் பொதுத்துறை வங்கிகளைவிட்டு ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் வெளியேறினார்கள். ஆகவே இயந்திரத்தால் யாருக்கும் எதுவும் ஆகாது என்று உனக்கு ஆறுதல் சொல்ல மாட்டேன்.

ஆனால் அந்த மாற்றத்தை நாங்கள் எப்படிச் செய்தோம் என்பதில் உனக்குப் பயன்படும் ஒன்று இருக்கிறது. சேமிப்புக் கணக்குக்கு அப்போது ஒவ்வொரு மாதமும் 10-ஆம் தேதியிலிருந்து மாதக் கடைசி வரை இருந்த மிகக் குறைந்த இருப்புக்குத்தான் வட்டி. தினசரி இருப்புக்கு வட்டி என்பது 2010 ஏப்ரல் 1-ல்தான் வந்தது. அரையாண்டு முடிவில் ஒவ்வொரு லெட்ஜர் தாளையும் புரட்டி, மாதாமாதம் அந்தக் குறைந்த இருப்பைப் பொறுக்கி எடுத்துக் கூட்டி, வட்டி போடுவோம். மெஷின் வந்ததும் அந்த வேலை சுருங்கிவிட்டது. அதற்காக மறுநாளே கை லெட்ஜரை மூடி வைத்துவிடவில்லை. சில காலம் இரண்டும் சேர்ந்தே ஓடின. 'பேரலல் ரன்' என்று அதற்குப் பெயர். ஒரே வவுச்சரைக் கையிலும் எழுதுவோம், மெஷினிலும் போடுவோம். சாயங்காலம் இரண்டையும் ஒப்பிடுவோம். வித்தியாசம் வந்தால் தவறு யாருடையது என்று கண்டுபிடிக்காமல் விடுவதில்லை. இரட்டை வேலை என்று முணுமுணுத்துக்கொண்டேதான் செய்தோம். ஆனாலும் மெஷின் எங்கே சரியாகப் போகும், ஆள் எங்கே தப்புச் செய்வார் என்று எங்களுக்குக் கற்றுக்கொடுத்தது அந்த இரட்டை வேலைதான். பயிற்சி மையத்து வகுப்பில் கிடைத்தது அதில் கால்வாசிகூட இராது.

உனக்கு அந்த பேரலல் ரன் காலத்தை யாரும் கொடுக்கவில்லை. என் கவலை அதுதான், பாப்பா.

அதைவிடப் பெரிய வித்தியாசமும் ஒன்று இருக்கிறது. லெட்ஜரில் தொகை தப்பினால் டேலி ஆகாது, அதாவது இரு பக்கமும் ஒத்துப்போகாது. பத்து பைசா இடித்தால்கூடத் தெரிந்துவிடும். அது கிடைக்கும்வரை வீட்டுக்குப் போக முடியாது. உன் மேஜையில் இருக்கும் கருவி அப்படிப்பட்டதல்ல. அது எழுதிக் கொடுக்கும் சுருக்கத்தில் எதுவுமே இடிக்காது. சரியாகச் சொல்லும்போதும் தவறாகச் சொல்லும்போதும் ஒரே சரளம், ஒரே நிதானம். அதற்கான டேலியை நீதான் உண்டாக்க வேண்டும்.

வீட்டுக்கடனையே எடுத்துக்கொள்வோம். கும்பகோணம் பக்கம் ஒரு வீட்டின் பேரில் கடன் கேட்டு ஒருவர் வருகிறார். அப்பா உயில் எழுதாமல் காலமாகிவிட்டார். அவர் பெயரில் இருந்த மூலப் பத்திரம், வாரிசுச் சான்றிதழ், பதிவான பாகப்பிரிவினைப் பத்திரம், வில்லங்கச் சான்று என்று கட்டு முழுமையாக இருக்கிறது. கருவி ஒவ்வொன்றையும் அழகாகச் சுருக்கித் தருகிறது. வில்லங்கம் எதுவும் இல்லை. பாகப்பிரிவினை முறையாகப் பதிவாகியிருக்கிறது. சொத்து விண்ணப்பதாரர் பாகத்தில் வருகிறது. படித்தால் எல்லாம் நிறைவாகத்தான் தெரியும். இப்போது நீ கட்டைப் பிரித்துப் பார். வாரிசுச் சான்றிதழில் நாலு பேர்: அம்மா, இரண்டு மகன்கள், ஒரு மகள். பாகப்பிரிவினையில் கையெழுத்துப் போட்டவர்கள் மூன்று பேர். மகள் எங்கே? அவர் விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்திருக்கிறாரா? கொடுத்திருந்தால் கட்டில் ஏன் இல்லை? கொடுக்கவில்லை என்றால் அவருடைய பங்கு அப்படியே நிற்கிறது. 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் இல்லாமல் இறந்த தகப்பனாரின் சொந்தச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு உண்டு. பூர்வீகச் சொத்தாக இருந்தாலும் தமிழ்நாடு 1989-ல் செய்த திருத்தத்தையும் மத்திய அரசு 2005-ல் செய்த திருத்தத்தையும் பார்த்தாக வேண்டும். கல்யாணம் செய்து கொடுத்தாயிற்று, சீர் செய்தாயிற்று, அவளுக்கு எதற்குப் பங்கு என்று குடும்பத்தில் சொல்வார்கள். சட்டம் அதை ஏற்காது.

"மகள் கையெழுத்து ஏன் இல்லை?" என்று அந்தக் கருவியிடமே நீ கேட்டால் ஒருவேளை சரியாகவே பதில் சொல்லும். கேட்க வேண்டும் என்று உனக்குத் தோன்ற வேண்டுமே! நாலு பேர், மூன்று கையெழுத்து என்பது உன் கண்ணில் குத்த வேண்டும். அதற்கு நீ கை நிறையக் கட்டுகளைப் புரட்டியிருக்க வேண்டும். பழைய பத்திரத்து எழுத்தைத் தடவித் தடவிப் படித்திருக்க வேண்டும். உட்பிரிவு ஆன சர்வே எண் பட்டாவில் ஒன்றாகவும் பத்திரத்தில் வேறாகவும் இருப்பதைப் பார்த்துத் திகைத்திருக்க வேண்டும். சட்ட ஆலோசகரின் கருத்துரை வரத்தான் வரும். இருந்தாலும் குறிப்பு எழுதிக் கையெழுத்துப் போடுகிறவள் நீ.

இது வீட்டுக்கடனுக்கு மட்டும் சொல்வதல்ல. 2023-ல் அமெரிக்காவின் ஹார்வர்டு ஆய்வாளர்கள் பாஸ்டன் கன்சல்டிங் குழுமத்தின் ஆலோசகர்கள் 758 பேரை வைத்து இதுபோன்ற கருவி பற்றி ஒரு சோதனை நடத்தினார்கள். கருவிக்கு நன்றாக வரக்கூடிய வேலைகளில், அதைப் பயன்படுத்தியவர்கள் ஏறக்குறைய கால் பங்கு விரைவாகவும் இன்னும் தரமாகவும் முடித்தார்கள். அதன் திறமைக்கு வெளியே இருக்கும்படி தேர்ந்தெடுத்த ஒரு வேலையையும் கொடுத்தார்கள். அதில் கருவி இல்லாதவர்களைவிட, கருவி வைத்திருந்தவர்கள் சரியான விடைக்கு வருவது 19 சதவீதப் புள்ளிகள் குறைந்தது. அவர்கள் எல்லாம் கெட்டிக்காரர்கள்தான். எந்த வேலை எந்தப் பக்கம் என்று வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது என்பதே அங்கே சிக்கல். அந்த எல்லையை உன் வேலையில் நீயேதான் கண்டுபிடிக்க வேண்டும். கருவியை விற்றவர் வந்து சொல்லித் தரமாட்டார்.

கருவியால் உன்போன்ற புதியவர்களுக்கு நன்மை இல்லை என்று நினைத்துவிடாதே. வாடிக்கையாளர் சேவையில் இருந்த ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட ஊழியர்களை வைத்து எரிக் பிரின்யோல்ஃப்சன் முதலானோர் செய்த ஆய்வு 2023-ல் வந்தது. கருவி வந்த பிறகு, ஒரு மணி நேரத்தில் தீர்த்து வைத்த புகார்கள் சராசரியாக 14 சதவீதம் கூடின. புதியவர்களுக்கும் திறமை குறைந்தவர்களுக்கும் 34 சதவீதம் கூடியது. பழுத்த அனுபவசாலிகளுக்கு மாற்றமே பெரிதாக இல்லை. காரணத்தையும் அவர்கள் சொன்னார்கள். நன்றாகப் பேசத் தெரிந்த மூத்தவர்களின் உரையாடல்களிலிருந்து கருவி கற்ற வழிமுறைகள் புதியவர்களுக்குப் போய்ச் சேர்கின்றன. அதாவது பக்கத்து நாற்காலிச் சீனியர் காதில் சொல்லித் தருவதை அது செய்கிறது. எனக்கு இது நல்ல செய்தியாகவே படுகிறது. ஆனால் அந்த மூத்தவர்கள் ஓய்வுபெற்ற பிறகு புதிதாக வரும் சிக்கலைத் தீர்க்கத் தெரிந்தவர் யாராவது அந்த அறையில் இருக்க வேண்டும். அது நீயாக இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

கற்றுக்கொண்ட வித்தையும் கைவிட்டால் போய்விடும். போலந்தில் நான்கு மையங்களில் பெருங்குடல் உள்நோக்கிப் பரிசோதனை செய்யும் மருத்துவர்களைப் பற்றி 2025-ல் ஓர் ஆய்வு வெளியானது. திரையில் கட்டியைச் சுட்டிக்காட்டும் கருவி அங்கே வருவதற்கு முன்னால், பரிசோதித்தவர்களில் 28.4 சதவீதம் பேரிடம் புற்றுநோய்க்கு முந்தைய கட்டிகளை மருத்துவர்கள் கண்டுபிடித்தார்கள். கருவி பழகிய பிறகு, அது இல்லாமல் செய்த பரிசோதனைகளில் அந்த அளவு 22.4 ஆகக் குறைந்திருந்தது. ஆயிரக்கணக்கில் பரிசோதனை செய்து தேறியவர்கள் அவர்கள். ஒரே ஆய்வை வைத்து முடிவு கட்டக் கூடாது என்றாலும், தேறியவர் கண்ணே மங்கக்கூடும் என்றால் இன்னும் தேறாதவர் நிலையை யோசித்துப் பார்.

பொறுப்பு யாருடையது என்று ஒரு நாள் உனக்குக் குழப்பம் வரலாம். கனடாவில் ஏர் கனடா நிறுவனத்தின் இணைய உரையாடி (சாட்பாட்), துக்க வீட்டுக்குப் போகும் பயணிக்குச் சலுகைக் கட்டணம் பற்றித் தவறான தகவல் கொடுத்தது. வழக்கு வந்தபோது, உரையாடி சொன்னதற்கு உரையாடியே பொறுப்பு என்கிற மாதிரி நிறுவனம் வாதாடிப் பார்த்தது. 2024 பிப்ரவரியில் தீர்ப்பாயம் அதை ஏற்காமல் பயணிக்கு இழப்பீடு தரச் சொன்னது. நம் நாட்டிலும் ரிசர்வ் வங்கி அமைத்த, பேராசிரியர் புஷ்பக் பட்டாச்சார்யா தலைமையிலான குழு 2025 ஆகஸ்டில் அறிக்கை தந்திருக்கிறது. கருவியைப் பயன்படுத்தும் நிறுவனமே அதன் முடிவுகளுக்குப் பொறுப்பு என்பது அதன் அடிப்படைகளில் ஒன்று. "சிஸ்டம் அப்படிச் சொன்னது சார்" என்று வாடிக்கையாளரிடம் ஒருநாளும் சொல்லாதே. கடன் மறுக்கப்பட்டால் ஏன் மறுக்கப்பட்டது என்று அவருக்குப் புரியும் தமிழில் எடுத்துச் சொல்ல உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். சொல்ல முடியவில்லை என்றால் உனக்கே இன்னும் புரியவில்லை என்று அர்த்தம்; கட்டை மறுபடி பிரி.

இனி செய்ய வேண்டியவற்றுக்கு வருகிறேன். உனக்கான பேரலல் ரன்னை நீயே நடத்து. புதுக் கட்டு வந்ததும் கருவியின் சுருக்கத்தைத் திறக்காதே. முதலில் நீ படித்து, உனக்குத் தோன்றுவதை நாலு வரி உன் கையால் எழுது. அதன் பிறகு அதைத் திற. இரண்டும் வேறுபடும் இடத்தில் மூலத்துக்குப் போ. பக்கத்தைக் கண்ணால் பார்க்காமல் எந்த எண்ணையும் எந்தப் பெயரையும் குறிப்பில் ஏற்றாதே. எல்லாக் கட்டுக்கும் இது முடியாது என்பது எனக்குத் தெரியும். டார்கெட் என்ற ஒன்று தலைக்கு மேல் நிற்கும். ஆரம்பத்தில் தினமும் சிலவற்றுக்காவது செய். கை பழகிய பிறகும் வாரத்துக்கு ஒரு கட்டையாவது கருவியே இல்லாமல் முழுக்க முடி. அது தப்பிய இடங்களை ஒரு நோட்டில் குறித்து வை. நீ தப்பி அது பிடித்த இடங்களையும் அதே நோட்டில் எழுது. அவைதான் உனக்குப் பாடம். இரண்டு மூன்று மாதத்தில் கருவியின் எல்லை உனக்குப் புலப்படத் தொடங்கும். பிரிவில் மற்றவர்களும் இப்படிக் குறித்து, மாதம் ஒருமுறை கூடிப் பேசினால் எந்த வகுப்பும் அதற்கு ஈடாகாது.

இன்னொன்று. அவசரத்துக்கு வாடிக்கையாளரின் ஆதார் எண்ணையோ சம்பள விவரத்தையோ உன் போனில் இருக்கும் இலவசக் கருவியில் போட்டுக் கேட்காதே. வங்கி அனுமதித்ததை மட்டும் பயன்படுத்து. 2023-ல் இயற்றிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் இருக்கிறது.

இவ்வளவும் ஊழியர் தலையில் மட்டும் ஏற்றிவிடுவது நியாயம் இல்லை. ஒரு மதிய வகுப்போடு கைகழுவிய மேலதிகாரிகள் மீது எனக்குக் கோபம்தான். ஐரோப்பிய ஒன்றியம் 2025 பிப்ரவரி 2 முதல், செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தும் நிறுவனங்கள் தம் ஊழியர்களுக்கு அது பற்றிய போதிய அறிவு இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதியது. பயிற்சி என்பது வேலை நேரத்துக்குள், சம்பளத்தோடு, சொந்தப் பிரிவின் உண்மையான கட்டுகளை வைத்து நடக்க வேண்டும். கருவி மிச்சம் பிடித்த நேரம் முழுவதையும் புது டார்கெட்டாக மாற்றிவிட்டால் சரிபார்க்க யாருக்கு நேரம் இருக்கும்? எங்கள் காலத்தில் சங்கம் இருந்ததால் இதையெல்லாம் மேஜையில் வைத்துப் பேச முடிந்தது. நீங்களும் பேசுங்கள்.

ஆகவே, பாப்பா, இந்த வாரமே உன் மேலாளரைப் பார். முதல் ஆறு மாதத்துக்கு உன் கணக்கில் வரும் கட்டுகளைக் குறைத்துக் கொடுக்கச் சொல். பழைய கட்டுகளைப் படிக்க அனுமதி கேள். ஓய்வுபெற இருக்கும் மூத்தவர் யாராவது பிரிவில் இருந்தால் அவர் பக்கத்தில் இடம் கேட்டு வாங்கு. தயங்காதே. இது சலுகை இல்லை. உன் கையெழுத்தை நம்பிக் கோடிக்கணக்கில் கடன் கொடுக்கிற வங்கி உனக்குச் செய்ய வேண்டிய கடமை.

அன்புடன்,
பெரியப்பா