தேவையானதை மட்டும் அனுப்புவோம்: ஆர்சிங்க் பழகுவோம்

காரைக்கால் வீடுகளில் இரும்புப் பெட்டிக்குள் இருந்த பல தாள்கள் இன்று ஸ்கேன் ஆகிக் கணினிக்குள் வந்துவிட்டன. பிரெஞ்சுக் காலத்துப் பிறப்புப் பதிவு, நொத்தேர் முன் எழுதிய பத்திரம், நிக்காஹ் பதிவின் நகல், பாஸ்போர்ட், பள்ளிச் சான்றிதழ் எல்லாம் அங்கேதான் கிடக்கின்றன. 1954 நவம்பர் 1-இல் நம் ஊர் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. 1962 ஆகஸ்ட் 16-இல் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையைத் தொடர விரும்பியவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. அன்று எழுதிக் கொடுத்த ஒரு தாளை இன்று பேரப்பிள்ளைகள் தேடுகிறார்கள். 2004 டிசம்பர் 26-இல் கடல் உள்ளே வந்தபோது கரையோர வீடுகளில் பெட்டியோடு காகிதங்களும் போயின. ஸ்கேன் நகலை இரண்டு மூன்று இடங்களில் வைத்திருக்க வேண்டும் என்று நாம் சொல்லிக்கொண்டே இருப்பது அதனால்தான்.

ஆனால் அந்த நகலை எடுக்கும் விதத்தில்தான் சிக்கல் இருக்கிறது. பழைய கணினி மக்கர் செய்கிறது என்றால், உள்ளே இருக்கும் அத்தனையையும் அள்ளிப் பென் டிரைவில் போட்டுவிடுகிறோம். தெருவில் கணினி தெரிந்த ஒரு பிள்ளையிடம்தான் நாலு வீட்டாரும் விண்ணப்பம் நிரப்பக் கொடுக்கிறார்கள். அடுத்த வீட்டு மாமியின் ஆதார் நகலும், கல்வி உதவி, மருத்துவ உதவி கேட்டவர்களின் வருமானச் சான்றும் அதே இடத்தில் கிடக்கும். அள்ளிப் போடும்போது அவையும் கூடவே போகின்றன. அவை நம்மிடம் இருக்கும் அமானிதம். வாட்ஸ்அப்பில் அனுப்புகிறவர்களுக்கு வேறொரு கஷ்டம். படமாக அனுப்பினால் அது சுருங்கி, முத்திரையில் உள்ள சிறிய எழுத்து மங்கிப் போகும். அனுப்பித்தான் ஆக வேண்டுமென்றால் ‘டாக்குமென்ட்’ என்று தேர்ந்தெடுத்து அனுப்புங்கள்.

வேண்டியதை மட்டும் பொறுக்கி எடுத்து, எடுத்தது சரியாக வந்ததா என்றும் பார்த்துச் சொல்ல ஒரு இலவசக் கருவி உண்டு. அதன் பெயர் ஆர்சிங்க். ஆஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகத்தில் இருந்த ஆண்ட்ரூ டிரிட்ஜெல், பால் மெக்கராஸ் இருவரும் 1996-இல் வெளியிட்டது. அப்போது இணைய வேகம் மிகக் குறைவு. ஒரே கணக்குப் புத்தகத்தின் இரண்டு பிரதிகள் இரண்டு ஊர்களில் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் தொலைபேசியில் ஒவ்வொரு பக்கத்தின் கூட்டுத்தொகையை மட்டும் சொல்கிறார். தொகை ஒத்துப்போனால் அந்தப் பக்கத்தை விட்டுவிடலாம், ஒத்துப்போகாத பக்கத்தை மட்டும் வரிவரியாகப் படித்தால் போதும். இரண்டு கணினிகளுக்கு நடுவே ஆர்சிங்க் செய்வது ஏறக்குறைய இதுதான். அளவும் தேதியும் மாறாத கோப்பை அது தொடுவதே இல்லை.

லினக்ஸ் கணினிகளில் பெரும்பாலும் இது ஏற்கெனவே இருக்கும், இல்லாவிட்டால் சுலபமாக நிறுவிக்கொள்ளலாம். கீழே உள்ள கட்டளைகளை வாய்விட்டுப் படிக்க வசதியாகத் தமிழில் அச்சிட்டிருக்கிறோம். கணினியில் தட்டும்போது ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டுங்கள். கோடு, புள்ளி, சாய்கோடு எல்லாம் அப்படியே வர வேண்டும். கோப்புகளின் பெயர் தமிழில் இருந்தால் தமிழிலேயே இருக்கலாம்.

முதல் வேலை ஒரு பட்டியல் எழுதுவது. சாதாரண எழுத்துக் கோப்பு ஒன்றைத் திறந்து, அனுப்ப வேண்டிய கோப்புகளின் பெயரை வரிக்கு ஒன்றாக எழுதி, ‘பட்டியல்’ என்று பெயரிட்டு உங்கள் ஹோம் கோப்புறையில் சேமியுங்கள். எல்லாம் ‘ஆவணங்கள்’ என்ற கோப்புறைக்குள் இருந்தால், அதற்குள் இருக்கும் வழியை மட்டும் எழுதினால் போதும்: ‘பாஸ்போர்ட்/வாப்பா.பிடிஎஃப்’ என்பது போல. பெயருக்கு நடுவே இடைவெளி இருந்தாலும் பட்டியலில் மேற்கோள் குறி வேண்டாம். இந்த வேலையை வீட்டாரோடு உட்கார்ந்து செய்வது நல்லது. எந்தத் தாள் யாருக்குப் போக வேண்டும் என்பது கணினி தெரிந்த பிள்ளையைவிட உம்மாவுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

அடுத்தது ஒத்திகை. பென் டிரைவைச் செருகிவிட்டு, டெர்மினலில் ஒரே வரியாக இப்படித் தட்டுங்கள்:

ஆர்சிங்க் -ஆர்டிவிஎன் --மாடிஃபை-விண்டோ=1 --ஃபைல்ஸ்-ஃபிரம்=பட்டியல் ஆவணங்கள்/ /மீடியா/பயனர்/பென்டிரைவ்/

கடைசியில் உள்ள பாதை ஒவ்வொரு கணினியிலும் வேறுபடும், உங்கள் திரையில் காட்டுவதைப் போடுங்கள். ‘ஆர்’ என்றால் கோப்புறைக்குள் உள்ளவற்றையும் எடு, ‘டி’ என்றால் பழைய தேதியை மாற்றாதே, ‘வி’ என்றால் செய்வதைச் சொல்லிக்கொண்டே செய். ‘என்’ என்றால் எதையும் செய்யாதே, என்ன செய்வாய் என்று மட்டும் சொல். எல்லாவற்றிலும் முக்கியமான எழுத்து இதுதான் என்பது எங்கள் அபிப்பிராயம். பட்டியலில் ஒரு பெயரைத் தப்பாக எழுதியிருந்தால் அப்படி ஒரு கோப்பு இல்லை என்று இந்த ஒத்திகையிலேயே செய்தி வந்துவிடும். பட்டியலில் தெரியாமல் ஒரு முழுக் கோப்புறையைப் போட்டிருந்தால், அதற்குள் இருக்கும் அடுத்தவர் தாள்களும் திரையில் ஓடும். அப்போதே நிறுத்திப் பட்டியலைத் திருத்தலாம். எல்லாம் சரியாக இருந்தால் ‘என்’ எழுத்தை மட்டும் எடுத்துவிட்டு அதே கட்டளையை மறுபடியும் கொடுங்கள்.

‘மாடிஃபை-விண்டோ’ எதற்கு என்று கேட்கலாம். பல பென் டிரைவ்கள் ஃபேட்32 என்ற பழைய முறையில் இருக்கும். அது நேரத்தை 2 நொடிக்கு ஒரு முறைதான் குறித்து வைக்கும். அந்தச் சிறிய வித்தியாசத்தைப் பார்த்து, மாறாத கோப்பையும் மாறியது என்று ஆர்சிங்க் நினைத்துவிடக் கூடாது என்பதற்காக இது. 4 ஜிபியைத் தொடும் ஒற்றைக் கோப்பு ஃபேட்32-இல் நுழையாது என்பதையும் நினைவில் வையுங்கள். கல்யாண வீடியோக்கள் இங்கேதான் மாட்டிக்கொள்ளும்.

நகல் ஆனதும் பென் டிரைவை முறைப்படி வெளியேற்றி, கழற்றி, மறுபடி செருகுங்கள். கழற்றாமலே சோதித்தால் கணினி தன் நினைவில் இருப்பதையே படித்துவிட்டு எல்லாம் சரி என்று சொல்லிவிடக் கூடும். இப்போது ஒத்திகைக் கட்டளையில் ‘சி’ எழுத்தையும் சேர்த்து -ஆர்டிவிஎன்சி என்று கொடுங்கள். இரண்டு பக்கமும் உள்ள கோப்புகளை முழுக்கப் படித்து ஒப்பிடும், நேரம் கூடுதலாக ஆகும். எந்தக் கோப்பின் பெயரும் வராவிட்டால் இரண்டும் ஒன்றே. அதற்குப் பிறகும் பழையதை உடனே அழித்துவிட வேண்டாம். பென் டிரைவிலிருந்து ஒவ்வொரு கோப்பையும் ஒரு முறை திறந்து பாருங்கள்.

ஒரே வைஃபையில் இரண்டு லினக்ஸ் கணினிகள் இருந்தால் பென் டிரைவே தேவையில்லை. இரண்டிலும் ஆர்சிங்க் இருக்க வேண்டும், வாங்கும் கணினியில் ஓபன்எஸ்எஸ்எச் சர்வர் இருக்க வேண்டும். கடைசிப் பாதைக்குப் பதிலாக, பயனர்@192.168.1.20:குடும்பம்/ என்பது போல அந்தக் கணினியின் முகவரியைக் கொடுங்கள். வழியில் போகும் தகவல் பூட்டிய நிலையில்தான் போகும். மின்சாரம் போய்விடும் என்ற பயம் இருந்தால் --பார்ஷியல் சேர்த்துக்கொள்ளுங்கள். பாதியில் நின்ற கோப்பு அழியாமல் இருக்கும், அடுத்த முறை ஏற்கெனவே போன பகுதியைத் திரும்ப அனுப்ப வேண்டியதில்லை.

விண்டோஸ் வைத்திருப்பவர்களுக்கு ரோபோகாப்பி உண்டு. விஸ்டாவிலிருந்தே அது கூடவே வருகிறது. அதில் ஒத்திகைக்கு /எல் போட வேண்டும். ஆர்சிங்கில் --டெலீட், ரோபோகாப்பியில் /எம்ஐஆர் இரண்டையும் பழகும் காலத்தில் தொடவே வேண்டாம். மூலத்தில் இல்லாததை அவை மறுபக்கத்தில் கேட்காமல் அழித்துவிடும். மூலத்தையும் சேருமிடத்தையும் இடம் மாற்றித் தட்டிவிட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

பாரிஸில் இருக்கும் மகனுக்கு அனுப்ப வேண்டுமானால், இதே பட்டியலை ‘தார்’ என்ற கட்டளையும் வாங்கிக்கொள்ளும். -டி என்பதற்குப் பின் பட்டியலின் பெயர் வர வேண்டும், இங்கே மட்டும் ‘டி’ பெரிய எழுத்து. எல்லாம் ஒரே மூட்டையாகிவிடும். மூட்டைக்குப் பூட்டு இல்லாததால் ‘ஜிபிஜி -சி’ கொடுத்து ஒரு கடவுச்சொல் போட்டுப் பூட்டிய பிறகு மின்னஞ்சலில் அனுப்புங்கள். கடவுச்சொல்லை அதே மின்னஞ்சலில் எழுதாமல், மகனுக்குப் போன் போட்டு வாயால் சொல்லுங்கள்.